எவிட நிக்குறீங்க?

போனை எடுத்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். "எவிட நிக்குறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவரிடமும் இதே கேள்விதான், கட்டிலில் படுத்துக் கிடக்கிறவரிடமும் இதே கேள்விதான். "நான் படுத்திருக்கேன் சேச்சி" என்று ஒரு நோயாளி சொன்னதற்கு, "கொழப்பமில்ல, எவிட படுத்து நிக்குறீங்க?" என்று கேட்டவர் அவர். நிற்கிற இடம் தெரியாமல் அவருக்கு மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. மட்டாஞ்சேரியில் எல்லாரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்றார்கள். வயதில் மூத்தவனான நானும் சேச்சி என்றே கூப்பிட்டேன். அவர் பதிலுக்கு என்னை அண்ணா என்பார். இப்படி ஒருவருக்கொருவர் மூத்தவர்களாகவே கடைசிவரை இருந்தோம்.

அவர் குடும்பம் நகராட்சி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். எழுதப் படிக்க மலையாளம்தான் தெரியும். கம்ப்யூட்டரில் டிப்ளமோ வாங்கியவர், அந்தப் பெருமையை ஒருநாளும் மறைத்தவரில்லை. அடக்கம் என்பது அவரிடம் இல்லாத சரக்கு. "இந்த ஆபீஸ்ல புத்தி உள்ள ஒரே ஆளு நானாக்கும்" என்று செயலாளர் காதுபடச் சொல்வார். செயலாளர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அதனால் எல்லாருக்கும் மாஷ். அவர் சிரித்துக்கொண்டே சாயாவைக் குடிப்பார்.

நான் ஓட்டியது பாலியேட்டிவ் வண்டி. தீராத நோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு சின்ன அமைப்பு எங்களுடையது. வலிக்கு மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாய் மாற்றுவது என்று ஒவ்வொரு வீடாகப் போவோம். நர்ஸ் சிஸ்டர் முன் இருக்கையில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வார். செங்கோட்டையிலிருந்து காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்த நான் கொச்சியில் தங்கிப்போனது இந்த வண்டியால்தான். ஆபீஸ் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில், பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே வெள்ளைக்காரர்கள் பழைய பூட்டுக்கும் வெண்கலக் குத்துவிளக்குக்கும் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் சுக்கு வாசனையில் தும்மிக்கொண்டே வேலை பார்ப்போம்.

நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கென்று அழகாக ஒரு புரோகிராம் செய்து தருகிறேன் என்று ஒருவர் ஆரம்பித்தார். தகவல்களைச் சேர்த்துவைக்கும் கிடங்கை மட்டும் கட்டி முடித்தார். சாதாரண ஆட்கள் நுழைவதற்கான வாசலைக் கட்டுவதற்குள் துபாயில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டார். அதனால் இன்ஜினியர்கள் கிடங்கைப் பராமரிக்கத் திறக்கிற பக்கத்தையே சேச்சி தினமும் பிரவுசரில் திறந்து வேலை செய்தார்.

திறந்ததும் வருவது முகப்பு. இடது ஓரத்தில் கிடங்கில் உள்ளவற்றின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசைக்கு மேலே பொடிப்பொடிப் படங்கள், அவற்றில் முதலாவது ஒரு சின்ன வீடு. பக்கத்தின் உச்சியில் தகவல்களை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் பட்டன்கள். நடுவில் மொழியையும் நிறத்தையும் மாற்றுகிற இடம். வலது பக்கம் ஒரு பெட்டிக்குள் எந்த சர்வர், எந்தப் பதிப்பு, யார் பெயரில் உள்ளே வந்திருக்கிறோம் என்று சில வரிகள். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தைப் போல, யாரும் படிக்காத வரிகள்.

சேச்சி படிப்பார். விரலைத் திரையில் வைத்து, வாய்விட்டு, மேலிருந்து கீழாகப் படிப்பார். சர்வரின் பெயரைச் சொல்வார், பதிப்பைச் சொல்வார், தன் பெயரையே யாரோ அந்நியரின் பெயரைப் போலச் சொல்வார். "ம், நான்தான்" என்று ஒப்புக்கொள்வார். பிறகுதான் இடது பக்கம் கை போகும். நேற்று படித்ததையே இன்றும் படிப்பார். நடுவில் சாயா குடிக்க எழுந்து போய்விட்டு வந்தாலும் அந்தச் சின்ன வீட்டை அமுக்கி, முகப்புக்கு வந்து, மறுபடியும் முதலிலிருந்து படிப்பார்.

வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. "சேச்சி, அது ஓடிப் போயிடாது" என்றேன்.

"அது ஓடாது அண்ணா. நம்மதான் ஓடுவோம்" என்றார். "நீங்க கண்ணாடி நோக்காம வண்டி எடுப்பீங்களா?"

லைசென்ஸ் வைத்திருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது. மறுநாளிலிருந்து வண்டிச் சாவிக்குக் காத்திருக்கிற நேரத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று நானும் மனதுக்குள் படிக்க ஆரம்பித்தேன்.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் இடக்கொச்சியில் ஒரு வீடு. துபாய்க்காரர் போகும்போது, சோதித்துப் பார்ப்பதற்காக எல்லாத் தகவலையும் அப்படியே பிரதி எடுத்து வேறொரு சர்வரில் வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே போய்விட்டால் எது அசல், எது நகல் என்று தெரியாது. அதே பெயர்கள், அதே தெருக்கள், அதே நோய்கள். முகப்பில்தான் எந்த சர்வரில் இருக்கிறோம் என்று தெளிவாகத் தெரியும். அந்த நாட்களில் தொண்டர்களும் வந்து தகவல் பதிவார்கள்.

ஒரு காலை பட்டியலில் இடக்கொச்சிக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. காயலோரத்து வீடு, நாங்கள் வழக்கமாகப் போகிற வீடுதான். வண்டியைத் திருப்பும்போதே முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பதும், வாடகை நாற்காலிகள் அடுக்கியிருப்பதும் என் கண்ணில் பட்டுவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் மருந்துப் பையோடு இறங்கி, "சேட்டனுக்கு எங்ஙனெ உண்டு?" என்று எப்படியிருக்கிறார் என விசாரித்துக்கொண்டே படியேறிவிட்டார்.

வீட்டுக்காரம்மா கதவில் நின்றார். "இன்னலே கொண்டு போயி" என்றார். நேற்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சிஸ்டர் பையைப் பின்னால் மறைத்தார். மறைத்து என்ன செய்ய? அந்த அம்மா எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். உள்ளே போய் வழக்கம்போல இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு தொண்டர் அந்த மரணத்தைச் சரியாகத்தான் பதிந்திருந்தார், நகலில். அவர் முகப்பைப் பார்க்கவில்லை. அதன்பிறகு சேச்சி இரண்டு ஏற்பாடு செய்தார். பதிவதெல்லாம் இனி அவர் கையால்தான், மற்றவர்கள் போனில் சொன்னால் போதும். இன்னொன்று, அந்தப் பக்கத்தைத் திறந்தால் அது முதலில் நகல் சர்வரில்தான் போய் நிற்கும். அசல் வேண்டுமென்றால் முகப்பிலேயே சர்வரின் பெயரைப் பார்த்து மாற்ற வேண்டும்.

"நோக்காம உள்ள கேறி வர்ற ஆளு, கெட்டுப்போகாத எடத்துல போய் நிக்கட்டும்" என்றார்.

அசலில் இறந்தவர்களின் வரியை அவர் அழித்ததும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டால் சில மலையாள வார்த்தைகள் விரியும். கடைசி வார்த்தை 'விடவாங்ஙி'. விடை வாங்கிக்கொண்டு போனார் என்று பொருள். செத்தார் என்று எழுத அவருக்குக் கை வராது. நிலை மாறியதும், காத்திருப்போரில் அடுத்தவரின் பெயர் 'இன்று' என்ற பட்டியலுக்குள் தானாக ஏறிவரும்படி செய்து வைத்திருந்தார். ஒரு நாளில் எங்கள் வண்டி போகக்கூடிய வீடுகள் கொஞ்சம்தான். வலியோடு காத்திருப்பவர்கள் எப்போதும் அதைவிட அதிகம்.

திரையில் இப்படி அசையாமல் நிற்கிற மனுஷிக்குத் தெருவில் திசையே தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிறந்து வளர்ந்த ஊரில் வழி தப்புவார். ஒருமுறை கலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஸ்டேடியம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எனக்குப் போன் செய்தார். எனக்கு அப்படியொரு வாய்ப்பு மறுபடி கிடைக்குமா?

"எவிட நிக்குறீங்க சேச்சி?" என்றேன்.

"களியாக்காதீங்க அண்ணா. இவிட நெறைய பஸ்ஸு நிக்குது."

"பஸ் ஸ்டாண்டுல பஸ்தான் நிக்கும். எதிர்த்தாப்புல போர்டுல என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

கேலி செய்யாதே என்று சொன்னவர் கடைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பேக்கரி, செருப்புக் கடை, பல் டாக்டர். நான் இடது என்றால் வலது பக்கம் போனார். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் கையில் போனைக் கொடுக்கச் சொல்லித்தான் அவரைக் கரை சேர்த்தேன். அன்று சாயங்காலம் பழம்பொரி வாங்கி வந்து வைத்து, "யாரோடயும் பறயாதீங்க" என்றார். யாரிடமும் சொல்லாமல் இருக்க நான் என்ன அவ்வளவு நல்லவனா. மறுநாளே சொல்லிவிட்டேன்.

அவரை நான் முழுசாகப் பார்த்தது திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்த அன்று. தகவல்களை எல்லாம் புதிய அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதற்காக இலவசமாக வந்திருந்தார், நல்ல படிப்பாளி. சேச்சி அன்று காலை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். திருநெல்வேலிக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாஷுக்குப் போன் செய்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மாஷுக்கு எதையும் அடுக்களை வார்த்தையில் சொன்னால்தான் திருப்தி. "பழயது முழுவன் புதியதிலேக்கு ஒழிச்சோளூ" என்றார்.

மலையாளத்தில் ஒழிப்பது என்றால் ஊற்றுவது. கிளாஸில் சாயாவை ஒழிப்பார்கள். பழைய தகவலை எல்லாம் புதியதில் ஊற்று என்று மாஷ் சொன்னார். எங்கள் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பாத்திரத்தை ஒழித்துக் கொடு என்றால் காலி செய்து கொடு என்று அர்த்தம். திருநெல்வேலிக்காரர் நேரே உள்ளே போய், நோயாளிகளின் பழைய பட்டியலைக் காலியாக்கும் பட்டனை அமுக்கினார். நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கும் ஆமாம் என்றார்.

"ஒழிச்சாச்சு சார்" என்று மாஷிடம் சொன்னபோது அவர் முகத்தில் வேலையை முடித்த திருப்தி. மாஷும் "மிடுக்கன்!" என்று பாராட்டிவிட்டுப் படியேறி வந்தார். வந்து பார்த்தால் புதியதிலும் ஒன்றுமில்லை, பழையதிலும் ஒன்றுமில்லை. எங்கே போயிற்று என்று மாஷ் கேட்க, நீங்கள்தானே ஒழிக்கச் சொன்னீர்கள் என்று அவர் கேட்க, இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. திருநெல்வேலிக்காரரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

கீழே வண்டியில் சிஸ்டர் காத்திருந்தார். மாஷ் மேஜையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்தார். மழைக்காலத்துக்கு முன்பு எடுத்து வைத்த பழைய பிரதி. "இதில் உள்ளபடி இன்னைக்கு வண்டி போகட்டே" என்றார். மழைக்காலத்துக்கு முன்பு இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள்? அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் எந்தெந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவது? "மாஷே, நான் போக மாட்டேன்" என்று முதல்முறையாக அவரை எதிர்த்துச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் சேச்சி படியேறி வந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து, திரையைப் பார்த்தார். காலியான கட்டங்கள் வரிசையாக இருந்தன.

"ஆரும் ஒண்ணும் தொடாதீங்க" என்றார். பிறகு திருநெல்வேலிக்காரரிடம், "எவிட நிக்குறீங்க?" என்றார்.

அவர் மிரண்டுபோய் எழுந்தே நின்றுவிட்டார். சேச்சி அந்தச் சின்ன வீட்டை அமுக்கினார். முகப்பு வந்தது. விரல் வலது பக்கப் பெட்டிக்குப் போனது. வெளியே உலகம் தீப்பற்றி எரிந்தாலும் அவர் முதல் வரியிலிருந்துதான் படிப்பார். முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நகலு. நம்ம ஆளுங்க ஒருத்தரும் எங்கயும் போகல."

அசல் சர்வருக்கு மாற்றினார். உள்ளே போனார். எல்லாரும் இருந்தார்கள். பெயர்கள், தெருக்கள், வலிகள் எல்லாம் அப்படியே இருந்தன. மாஷ் பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எனக்குச் சேச்சிக்குப் பின்னால் நின்று ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது. இத்தனை பேர் உள்ளே நின்று தவித்தபோது, ஒரு எட்டு வெளியே வந்து வாசலைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு மட்டும்தான் தோன்றியது. சேச்சி பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு, திருநெல்வேலிக்காரருக்குத் தன் கையால் சாயா ஊற்றினார். "இதாக்கும் ஒழிக்கிறது" என்றார். பாவம், அவர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் குடித்தார்.

சேச்சியின் அம்மா அந்த வருடமே எங்கள் பட்டியலுக்குள் வந்தார். மகள் ஆபீஸில் இருக்கிறார் என்பதற்காக ஒரு நாள்கூட முன்னால் ஏற்றப்படவில்லை. முறை வந்தபோதுதான் வண்டி போனது. பிறகு வியாழக்கிழமைதோறும் போனோம். அந்த அம்மா சிஸ்டரிடம், "எம்மக ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பாக்குறாளா?" என்று கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை நான் ஆபீஸுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் திறந்திருந்தது, ஆள் இல்லை. மாஷ் சேச்சியின் வீட்டுக்கு ஓடியிருந்தார். சேச்சியின் அம்மா காலமாகிவிட்டார் என்று கீழ்க் கடைக்காரர் வந்து சொன்னார். அப்போது போன் அடித்தது.

"அண்ணா, எவிட நிக்குறீங்க?"

குரல் உடைந்திருந்தது, கேள்வி மாறவில்லை. ஆபீஸில்தான் என்றேன்.

"கம்ப்யூட்டர் முன்னால போய் இரிங்க. இன்னிக்குப் பட்டியல்ல அம்மா பேரு வரும். அது மாறலன்னா அந்த எடம் வெறுதே போகும். காத்திருக்கிற ஆளு இன்னும் ஒரு வாரம் வலிச்சுக் கெடப்பாங்க."

"சேச்சி, நான் டிரைவர். சிஸ்டரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டா. அவங்க வேகக்காரி. நீங்க கண்ணாடி நோக்கி ஓட்டுற ஆளு." மூக்கை உறிஞ்சினார். "வலது பக்கப் பெட்டி. மேல இருந்து வாசிங்க."

வாசித்தேன். நகல் சர்வரின் பெயரைச் சொன்னதும் மாற்றச் சொன்னார். மாற்றினேன். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். யார் பெயரில் உள்ளே வந்திருக்கிறோம் என்ற வரியில் அவர் பெயர் இருந்தது. அதையும் சொன்னேன். "ம், நான்தான்" என்றார்.

இடது பக்கம் போகச் சொன்னார். பட்டியலைத் திறக்கச் சொன்னார். அவருடைய அம்மாவின் பெயரை நான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் தெருப் பெயர் சேச்சியின் தெரு. நிலையைத் தொட்டதும் வார்த்தைகள் விரிந்தன. பஸ் போர்டுகளைப் பார்த்துப் படித்த மலையாளம் எனக்கு. கடைசி வார்த்தையை எழுத்துக் கூட்டினேன்.

"விட... வாங்ஙி."

"அதுதான்" என்றார். "அமுக்குங்க."

என் விரல் வரவில்லை. ஆயிரம் வளைவுகளில் லாரி ஓட்டிய கை அது. "அண்ணா" என்று அவர் மெதுவாகக் கூப்பிட்ட பிறகு அமுக்கினேன். சேமித்தேன். அடுத்து என்ன என்று கேட்டேன்.

"வீட்டை அமுக்குங்க."

அமுக்கினேன். முகப்பு வந்தது.

"இப்ப எவிட நிக்குறீங்க?"

"வீட்டுல சேச்சி."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

"நானும்" என்றார். பிறகு, "பட்டியலை எடுத்துட்டு வண்டியைக் கெளப்புங்க அண்ணா, வெயில் ஏறுது" என்று வைத்துவிட்டார்.

பட்டியலில் புதிதாக ஏறியிருந்தவர் ஒரு வயதான மீனவர். அன்றைய முதல் வீடு அவருடையதுதான். வலியில் சுருண்டு கிடந்தார். சிஸ்டர் மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் கால்களை நீட்டியபோது நான் வெளியே போய் நின்று அழுதேன். எல்லா வீடுகளையும் முடித்துவிட்டு மத்தியானம் சேச்சியின் தெருவுக்குப் போனோம். தூரத்திலேயே நீலத் தார்ப்பாய் தெரிந்தது. வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினேன். சிஸ்டர் மருந்துப் பையை இருக்கையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கினார்.